மெயிலில் பட்டன் வச்சு ஓட்டெடுத்த அனுபவம் யாருக்காவது இருக்கா?

முதல்ல என் கூத்தைச் சொல்லிடறேன். பயிற்சி வகுப்பை எந்தக் கிழமை வைக்கலாம்னு நாற்பது பேரிடம் கேட்கணும். போன தடவை சும்மா மெயிலில் கேட்டு, எல்லாரும் 'ரிப்ளை ஆல்' அடிச்சு, எண்ணி முடிக்கிறதுக்குள்ள கண்ணு பூத்துப்போச்சு. அதனால இந்தத் தடவை மைக்ரோசாஃப்ட்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கில் 'ஆப்ஷன்ஸ்' போய் 'யூஸ் வோட்டிங் பட்டன்ஸ்' எடுத்தேன். தயாரா இருக்கிறது எல்லாம் 'அப்ரூவ்', 'ரிஜெக்ட்', 'யெஸ்', 'நோ' வகைதான். நமக்கு வேண்டியது கிழமையாச்சே, 'கஸ்டம்' போனேன். அங்கே பெட்டியில் 'அப்ரூவ்;ரிஜெக்ட்' ஏற்கெனவே எழுதியிருக்கும். அதை அழிக்காம, பின்னாலேயே அரைப்புள்ளி போட்டு 'திங்கள்;புதன்;வெள்ளி'ன்னு அடிச்சு அனுப்பிட்டேன். போனது அஞ்சு பட்டன். ஏழு பேர் 'ரிஜெக்ட்' அழுத்தியிருந்தாங்க. எதை நிராகரிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

*

ஏழு பேருக்கும் வகுப்பே வேண்டாம் போலிருக்கு, விடுங்க :)

நான் தடுமாறினது முடிவைப் பார்க்கிற இடத்தில். அனுப்பின உடனே 'சென்ட் ஐட்டம்ஸ்'ல அந்த மெயிலைத் திறந்து, யார் எதுக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு காட்டுற 'டிராக்கிங்'கைத் தேடினேன், காணோம். ஒரு ஓட்டாவது வந்த பிறகுதான் அது தலைகாட்டும். அதுக்குள்ள பொறுமை போய் ரெண்டாவது மெயிலும் அனுப்பிட்டேன். பாதிப்பேர் இதில், பாதிப்பேர் அதில். கடைசியில் ரெண்டு பட்டியலையும் காப்பி பண்ணி எக்செலில் ஒட்டி, ரெண்டு தடவை போட்டவங்களைக் கையாலேயே நீக்கினேன். இன்னொண்ணு, அனுப்பின மெயிலை அழிச்சுடாதீங்க. கணக்கு முழுக்க அதிலதான் இருக்கு.

*

வெளியாட்களுக்கு அனுப்புறவங்க கவனிங்க. அலுவலக எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வர்) கணக்குக்குள்ள இது அருமையா ஓடும். ஜிமெயிலில் படிக்கிறவருக்குப் பட்டனே தெரியாது. "எதை அழுத்தச் சொல்றீங்க?"ன்னு மூணு பேர் போன் பண்ணினாங்க. இப்பல்லாம் வெளியாள் ஒருத்தர் இருந்தாலும் ஆன்லைன் ஃபார்ம் லிங்க்தான் அனுப்புறேன். பட்டன் வச்சாலும் மெயிலுக்குள்ளேயே தேர்வுகளை எழுதி, "பட்டன் தெரியலைன்னா இதில் ஒண்ணை எழுதி அனுப்புங்க"ன்னு ஒரு வரி சேர்த்துடுவேன்.

*

இது ரகசிய வாக்கெடுப்பு இல்லைங்க! யார் எதை அழுத்தினாங்கன்னு அனுப்பினவருக்குப் பேரோட தெரியும். பதில் மெயிலின் தலைப்பிலேயே நம்ம ஓட்டு முன்னால நிக்கும். "வேலை நேரத்தை மாத்தலாமா?"ன்னு மேலாளர் கேட்டதுக்கு இது தெரியாம தைரியமா 'நோ' அழுத்தினேன். அடுத்த நிமிஷம் அவர் என் மேஜைகிட்ட நிக்கிறார்.