செல்போன் வந்ததும் மீனவன் பணக்காரன் ஆகிவிட்டானாம்!

கடலோரத்தான்:
வெங்காய விலை இழையில் எண்கணிதன் போகிற போக்கில் ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போனார்: "ஏழை நாடுகளில் வறுமையை ஒழித்தது அரசு இல்லை, செல்போன். சந்தேகம் இருந்தால் கேரள மீனவர்களைக் கேளுங்கள்." வெங்காயத்துக்கு நடுவில் மீன் வேண்டாம் என்று தனி இழை திறக்கிறேன். கேட்டுவிட்டேன் சார். கேரளா வரை போகவில்லை, வீட்டில் அப்பாவையே கேட்டேன். குமரி மாவட்டம், முப்பது வருஷம் மீன்பிடி வள்ளத்தில் போனவர். சிரித்தார், அவ்வளவுதான்.

எண்கணிதன்:
அப்பா சிரித்தது ஆதாரம் ஆகாது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர், 2007-இல் வெளிவந்த ஆய்வு. வட கேரளத்தில் 15 மத்தி மீன் சந்தைகள், 300 படகுகள், 1996 முதல் 2001 வரை வாராவாரம் கணக்கு. 1997-இல் கோழிக்கோடு பக்கம் போன் வந்தது, 1998-இல் கண்ணூர், 2000-இல் காசர்கோடு. எங்கே வந்ததோ அங்கே விலை ஒரே சீராக ஆனது, மீனைக் கடலில் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. 1997 ஜனவரி 14 அன்று வடகரை என்ற ஊரில் 11 படகுக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த கரைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றார்கள். நடுவில் இல்லாதது ஒரு போன். 8 சதவீதத்துக்குப் பதில் இருந்தால் பேசுங்கள்.

பழைய நோக்கியா:
அந்தக் காலத்தில் வருகிற அழைப்புக்கும் காசு பிடுங்குவார்கள். மீன் விற்ற காசு போன் பில்லுக்கே போயிருக்குமே :)

சும்மா வந்தவள்:
மத்தி இல்லை. அந்த மீன் சாளை.

எண்கணிதன்:
வட கேரளத்தில் மத்திதான்.

சும்மா வந்தவள்:
நீங்கள் எழுதுவது தமிழில்தானே?

சிவகாசி செல்வம்:
முதலில் 'வறுமை' என்றால் எதை வைத்துச் சொல்கிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமா? வருமானமா, கடனா, வீட்டில் சாப்பாடா?

கடலோரத்தான்:
8 சதவீதத்துக்கு வருகிறேன். அது படகின் லாபம். படகு என்றால் ஒரு ஆள் இல்லை. விற்ற காசில் முதலில் மண்ணெண்ணெய்ச் செலவு போகும். அப்புறம் வள்ளத்துக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு என்று பங்கு எடுப்பார்கள். மிஞ்சுவதைத்தான் ஏறிப்போனவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அந்த 8 இதில் யார் மடியில் விழுந்தது?

இன்னொன்று. 2005 வாக்கில் அப்பாவிடம் ஒரு நோக்கியா 1100 இருந்தது. பாலித்தீன் பையில் போட்டு, ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். பையைப் பிரிக்காமலே பட்டனை அமுக்குவார். ஒருநாள் நல்ல பாடு, வள்ளம் நிறையச் சாளை. அடுத்த கரையில் விலை கூடுதல் என்று அங்கிருந்து மச்சான் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். அப்பா எங்கே கொண்டுபோனார் தெரியுமா? சொந்தக் கரைக்குத்தான். ஏனென்றால் எஞ்சின் வாங்க முன்பணம் கொடுத்த ஏலக்காரர் அங்கேதான் குடை பிடித்து நிற்பார். அந்தக் கடன் தீரும்வரை மீன் அவர் கையால்தான் ஏலம் போகணும். போன் விலையைச் சொல்லும். கடனை அடைக்காது.

எண்கணிதன்:
ஒரு வள்ளத்துக் கதை. அங்கே 300 படகு. எது பெரிசு? போனே வாங்காத படகுகளுக்கும் லாபம் கூடியது என்று அதே ஆய்வில் இருக்கிறது. 8 சதவீதம்.

கடலோரத்தான்:
எண்ணிக்கையா வேண்டும்? பிறகு கேரளக் கரைகளுக்கே போய்ப் பார்த்த வேறு ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள்: எல்லா மீனவரும் இப்படிக் கரை மாற்றி விற்பதில்லை என்று. ஜென்சன் பார்த்தது வடக்கே மத்தி பிடிக்கிற படகுகளை. அதைத் தூக்கி மொத்த ஏழை நாடுகளுக்கும் போர்த்தினால் எப்படி? கோவணத்தை வேட்டி என்பது மாதிரி.

பழைய நோக்கியா:
ஆக, மத்தி என்று ஒத்துக்கொண்டீர்கள்.

கடலோரத்தான்:
வடக்கே மத்தி. எங்கள் ஊரில் சாளை. உங்களுக்கு இதுதான் பிரச்சினையா?

மலைநாட்டான்:
மீனை விடுங்கள். கென்யாவைப் பாருங்கள். 2007-இல் எம்-பெசா என்ற போன் வழிப் பணச் சேவை வந்தது. வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் சாதாரண பட்டன் போனில் பணம் அனுப்பினார்கள். அதனால் 2 சதவீதக் குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலே வந்தன என்று 2016-இல் ஆய்வு வந்தது. நைரோபியில் வேலை பார்க்கிறவன் ஊரில் இருக்கிற அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் பணம் அனுப்பினான். முன்னே பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பணும்.

கடலோரத்தான்:
சரி. அதே போனில்தான் இப்போது கடனும் வருகிறது. 2020 வரை நூறு ஷில்லிங், இருநூறு ஷில்லிங் கட்டாதவன் பெயரெல்லாம்கூடக் கடன் தவறியவர் பட்டியலில் ஏறியது. முன்பு ஏலக்காரர் குடை பிடித்து நின்றார், இப்போது பைக்குள்ளேயே நிற்கிறார்.

எண்கணிதன்:
கென்யாவுக்கு ஓடாதீர்கள். 8.

சும்மா வந்தவள்:
ஒரு சந்தேகம். எங்கள் சித்தி அலுமினியக் குண்டானில் மீன் வாங்கித் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவர். கரையில் விலை குறைந்தால் அவருக்கு லாபம், கூடினால் வயிற்றில் அடி. இந்த 8-இல், 4-இல் அவர் எங்கே வருகிறார்?

எண்கணிதன்:
வாங்குகிறவர் பக்கம்.

சும்மா வந்தவள்:
வாங்குகிறவரும் அவர்தான், விற்கிறவரும் அவர்தான்.

கடலோரத்தான்:
அதற்கெல்லாம் பதில் வராது, சகோதரி. இதையும் கேளுங்கள். 1998-இல் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவு மையம் வைத்தது. அமெரிக்கக் கடற்படை இணையதளத்தில் அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கரையில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. கையில் ஒரு போன்கூட வேண்டியதில்லை. இன்றைக்கு ஆளுக்கொரு போன். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் ஆழ்கடலில் கிடந்தன, செல்போன் கோபுரம் எட்டாத தூரத்தில். கரையிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டினால் அது போன் இல்லை, கண்ணாடிப் பெட்டி.

எண்கணிதன்:
ஒக்கியில் செத்தவர்களை வைத்து வாதம் ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். கேவலம். மத்திப் படகு அவ்வளவு தூரம் போவதே இல்லை.

கடலோரத்தான்:
செத்தவர்களில் என் கூடப் படித்தவன் ஒருத்தன் உண்டு. வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கள். பெட்ரோல் விலை இழையிலும் இப்படித்தான், பதில் இல்லாதபோது 'கேவலம்' என்றீர்கள்.

பழைய நோக்கியா:
பெட்ரோல் இழையில் ஓடிப்போனது நீங்கள்.

கடலோரத்தான்:
யார் ஓடியது? வள்ளத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சிவகாசி செல்வம்:
வறுமை என்றால் எது என்று...

எண்கணிதன்:
செல்வம், கொஞ்சம் இருங்கள். கடலோரத்தான், உங்கள் அப்பா அந்தப் போனைத் தூக்கி எறிந்தாரா? இல்லையே. ஏன் வைத்திருந்தார்?

கடலோரத்தான்:
டார்ச்சுக்கு.

பழைய நோக்கியா:
1100-இல் டார்ச் நன்றாக இருக்கும், உண்மைதான்.

எண்கணிதன்:
ஆக 8 சதவீதத்துக்கு இன்னும் பதில் இல்லை. வெங்காய இழையில் நான் கேட்டதற்கும் இல்லை.

சும்மா வந்தவள்:
சாளை.