ஏற்காடு இறக்கத்தில் 60 வேகம்: ஹெல்மெட் இருந்தால் போதுமா?

கேள்வி:
சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி, அதே 20 கொண்டை ஊசி வளைவு வழியா இறங்கணும். என்னோடது ரோடு பைக் (ரேஸ் சைக்கிள்), சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக். நேரான இடங்களில் மணிக்கு 60 கி.மீ. வரை போகலாம்னு சொல்றாங்க. எந்த ரிஸ்க்கை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது?

பதில் 1:
ஹெல்மெட்டை நம்பி வேகத்தை முடிவு பண்ணாதீங்க. சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பிய தரமான இ.என். 1078 சோதனையில் ஹெல்மெட்டை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழவிடுறாங்க. மோதும் வேகம் மணிக்கு 20 கி.மீ.க்குள்தான். சறுக்கி விழுந்தா தலை தரையில் இடிக்கும் வேகமும் ஏறக்குறைய அவ்வளவு, அங்கே அது காப்பாத்தும். 60-ல் போய்த் தடுப்புச் சுவரில் மோதினா அது வேற கதை.

காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக்கோட, 40-லிருந்து நிற்கச் சுமார் 13 மீட்டர்; 60-லிருந்து 28. சுதாரிக்க ஒரு வினாடி ஆகும், அதுக்கு 11, 17 மீட்டர் சேர்த்துக்கோங்க. இது சமதளக் கணக்கு, இறக்கத்தில் கூடும். கண்ணுக்குத் தெரியுற ரோட்டுக்குள்ள நிற்க முடியுற வேகம்னா தாராளமா போங்க.

பதில் 2:
தேவையே இல்லாத ரிஸ்க் எல்லாம் பைக்கில்தான் இருக்கு. பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்க. அதில் இருக்கிற தேய்மானக் கோடு வரை தேய்ஞ்சிருந்தா மாத்துங்க. அலுமினியத் துணுக்கு மின்னினா ஊசியால் தோண்டி எடுங்க, விட்டா ரிம்மை அறுக்கும். பிரேக் லீவர் பக்கம் கேபிள் இழை ஒண்ணு பிரிஞ்சிருந்தாலும் புது கேபிள்தான். சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிற குயிக் ரிலீஸ் லீவரை மூடும்போது உள்ளங்கையில் அச்சு விழணும்.

பிரேக்கை விடாம உரசிக்கிட்டே இறங்காதீங்க, ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னாடி, பைக் நேரா இருக்கும்போதே ரெண்டு பிரேக்கையும் நல்லா பிடிச்சு வேகத்தைக் குறைச்சு, விட்டுட்டுத் திரும்புங்க. கை டிராப்ஸில் (ஹேண்டில்பாரோட கீழே வளைஞ்ச பகுதியில்) இருந்தா லீவரில் பிடி கிடைக்கும்.

பதில் 3:
ஏறி வர்ற பஸ் கொண்டை ஊசியில் ரோடு முழுசையும் எடுத்துக்கும். எதிர்ப்பக்கம் வெட்டித் திரும்பினா எவ்வளவு நல்ல பிரேக்கும் உதவாது. மழை பெய்திருந்தா 25-ஐத் தாண்டாதீங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஹெல்மெட் முன்னாடி ஒரு தடவை விழுந்து அடி வாங்கினது, வெளியே கீறல் மட்டும்தான். போடலாமா?

பதில் 1:
தலையோட சேர்ந்து அடிபட்டதுன்னா வேண்டாம். உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கித்தான் அதிர்ச்சியை வாங்குது. நசுங்கினது திரும்ப எழும்பாது. புதுசு வாங்கும்போது புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடைவெளியில் உட்காருதான்னு பாருங்க.