மூன்றாம் மாடி வீடு, 6 வயதுப் பையன், ஊன்றுகோலோடு மாமியார்: எந்த நாய் ஒத்துவரும்?

நீலவானம்:
எல்லோருக்கும் வணக்கம். நாய் வளர்ப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது, எந்த இனம் என்பதில்தான் இழுபறி. மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலை 9 முதல் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்வரை மாமியார் மட்டும்தான் வீட்டில். அவருக்கு 72 வயது, ஊன்றுகோல் வைத்து நடப்பார். பெண்ணுக்கு 10 வயது, பையனுக்கு 6. பையனுக்குத் தூசி பட்டால் தும்மல் வரும். நாயை வெளியே கூட்டிப்போக காலையில் 45 நிமிடம், இரவில் அரை மணி நேரம் எங்களால் முடியும். பிள்ளைகள் ஹஸ்கி கேட்கிறார்கள், கணவர் பீகிள் என்கிறார், எனக்கு லேப்ரடார் ஆசை. இதுதான் முதல் நாய். எது சரிப்படும்?

நாலுகால்:
ஹஸ்கி வேண்டாம் சகோதரி. பனியில் வண்டி இழுக்கவென்றே உருவான இனம், மணிக்கணக்கில் ஓடினாலும் அசராது. நீங்கள் சொல்லும் 75 நிமிட நடை அதற்குப் போதவே போதாது. தீராத தெம்பு சோபாவிலும் கதவிலும் இறங்கும். அடிமயிர் வருடத்துக்கு இரண்டு தடவை கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். கதவு திறந்தால் வெளியே பாய்கிற பழக்கமும் அதிகம்.

பீகிள் 9 முதல் 14 கிலோ வரை இருக்கும், பிள்ளைகளோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். சிக்கல் அதன் குரலிலும் மூக்கிலும்தான். முயலை மோப்பம் பிடித்து, பின்னால் வரும் வேட்டைக்காரனுக்குக் கேட்கும்படி குரல் கொடுக்கப் பழக்கிய இனம். தனியாக விட்டால் அந்தக் குரல் பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும். மோப்பம் கிடைத்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது, அதனால் வெட்டவெளியில் லீஷை, அதாவது பிடித்து நடத்தும் கயிற்றை, கழற்றக் கூடாது.

லேப்ரடார் குணத்தில் முதல் நாய்க்கு ஏற்றதுதான். ஆனால் வளர்ந்தால் 25 முதல் 36 கிலோ, இரண்டு மூன்று வயது வரை குட்டிப் புத்தி போகாது. காலிங்பெல் அடித்ததும் 30 கிலோ நாய் வாசலுக்கு ஓடுகிற வழியில் மாமியாரின் ஊன்றுகோல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அது கெட்ட நாயாக இருக்க வேண்டியதில்லை, சந்தோஷத்தில் ஓடினாலே போதும். அப்படியும் வாங்குவதென்றால் இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் பரம்பரையாக வரும் என்பதால் தாய், தந்தை இரண்டுக்கும் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையைக் கேளுங்கள். சாப்பாட்டை அளந்து போடுங்கள். பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு ஏறக்குறைய நாலில் ஒரு லேப்ரடாருக்குப் பழுதாக இருப்பதை 2016இல் கண்டுபிடித்தார்கள். கண்ணால் கெஞ்சுகிறதே என்று போட்டுக்கொண்டே இருந்தால் மூட்டுதான் போகும். விலாவைத் தடவும்போது எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு.

வாலாட்டி:
இனத்துக்கு முன்னால் வயதை முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குக் குட்டி சரிவராது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் அதிகம் போனால் மூன்று மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும், விளையாடும்போது அதுகூட முடியாது. தரையைத் துடைக்கக் குனியப் போவது யார்? மாமியார்தான். ஈரத் தரை, ஊன்றுகோல், காலுக்குள் புகுந்து ஓடும் குட்டி, மூன்றும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. பால்பல் விழுந்து முடிய ஆறு மாதம் ஆகும், அதுவரை பையனின் கை, கால், டவுசர் எல்லாவற்றையும் கடிக்கும்.

மூன்று முதல் ஐந்து வயதுக்குள், 8 முதல் 15 கிலோ எடையில், வீட்டுப் பழக்கம் உள்ள நாயைத் தேடுங்கள். கலப்பினமாக இருந்தாலும் பரவாயில்லை. 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022இல் வெளியான ஆய்வில், ஒரு நாய்க்கும் இன்னொன்றுக்கும் உள்ள குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. குட்டியிடம் நீங்கள் ஊகிப்பதை வளர்ந்த நாயிடம் நேரிலேயே பார்த்துவிடலாம்.

ஒரே நாளில் முடிவெடுக்காமல் வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். சாவிக்கொத்தைச் சற்றுத் தள்ளிக் கீழே போடுங்கள். திடுக்கிடுவது இயல்பு, சில நொடியில் தேறி வந்து மோந்து பார்க்கிறதா என்பதுதான் முக்கியம். காதையும் பாதத்தையும் தொட்டால் விட்டுக்கொடுக்கிறதா? ஊன்றுகோலோடு ஒருவர் எதிரே நடந்து வந்தால் பதுங்குகிறதா, பாய்கிறதா, சும்மா பார்க்கிறதா? பிள்ளைகளையும் ஒரு தடவை கூட்டிப்போங்கள். தானாக வந்து பிள்ளையிடம் நிற்கிற நாய் வேண்டும். சகித்துக்கொண்டு நிற்பது போதாது. உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் அதற்குப் பிடிக்கவில்லை என்று பொருள்.

மரிக்கொழுந்து:
வாலாட்டி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தும்மலை யாரும் தொடவில்லையே! ஒவ்வாமையைக் கிளப்புவது முடியல்ல, நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் உள்ள புரதம். அதனால் முடி உதிராத பூடில் வாங்கினால் தும்மல் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூடிலின் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டி, தினமும் வாராவிட்டால் காதுக்குப் பின்னும் கால் இடுக்கிலும் சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். முதலில் பையனுக்கு ஒவ்வாமைப் பரிசோதனை செய்யுங்கள். பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த அதே நாயோடு, மூடிய அறையில் ஒரு மணி நேரம் வீதம் சில நாட்கள் இருக்கட்டும். தும்மலோடு இளைப்பும் வந்தால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

சின்ன நாய் என்றதும் பக், பிரெஞ்சு புல்டாக் என்று போய்விடாதீர்கள். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. மூக்குத் துளை குறுகி, மேலண்ணம் தொண்டையை அடைத்துக்கொண்டிருக்கும் நாயால் அது சரியாக முடியாது. புழுக்கமான நாளில் சின்ன நடையே உயிருக்கு ஆபத்தாகலாம். அதேபோல மூன்று கிலோவுக்குக் கீழே உள்ள பொம்மை நாய்களும் வேண்டாம். 6 வயதுப் பையன் தூக்கிக் கை தவறவிட்டாலே முன்னங்கால் எலும்பு முறியும்.

நீலவானம்:
மிக்க நன்றி, கணவரும் படித்துவிட்டார். காப்பகத்தில் நாலு வயது, 12 கிலோ, கலப்பினப் பெண் நாய் ஒன்று இருக்கிறது. சாந்தமாகத் தெரிகிறது, பிள்ளைகளிடம் தானாக வந்தது. ஊன்றுகோலைக் கண்டால் மட்டும் இரண்டடி பின்வாங்குகிறது. எடுக்கலாமா?

வாலாட்டி:
பின்வாங்கிவிட்டு மீண்டும் கிட்டே வருகிறதென்றால் எடுக்கலாம். இரண்டு வாரம் வைத்துப் பார்த்து முடிவு சொல்ல அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஊன்றுகோலைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் அதற்குப் பிடித்த தீனித் துணுக்குகளைப் போடுங்கள். தயங்காமல் பொறுக்க ஆரம்பித்த பிறகு மாமியார் உட்கார்ந்தபடியே கோலைப் பிடித்துக்கொண்டு தீனி போடட்டும், அதற்கும் பழகிய பின் மெல்ல நடக்கட்டும். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும். விலகிப் போய், முந்தைய படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். நாய் தின்னும்போதும் தூங்கும்போதும் பையன் தொடக் கூடாது. முதல் நாளிலிருந்தே இதில் கண்டிப்பாக இருங்கள்.

நாலுகால்:
மாமியார் நடக்கும் வழியில் நாயின் படுக்கையைப் போடாதீர்கள். அவர் அறையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழிக்குள் நாய் நுழையாதபடி, குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்றும் வையுங்கள்.