பாட்டி வெள்ளிக்கிழமை வருகிறார், லோகன் காருக்கு என்ன டயர்?

கவிதா: பாட்டியை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். காலையில் டாக்டர் வந்து பார்த்தார். இடுப்பு ஆபரேஷன் தையல் நன்றாக ஆறிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தார். ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து சுங்கை சிப்புட் வீட்டுக்கு யார் காரில் கூட்டி வருவது?

மல்லிகா அத்தை: மாரியம்மா தாயே 🙏🙏

பிரகாஷ்: என் ஹைலக்ஸ் பிக்கப் இருக்கிறது

கவிதா: அதில் எப்படி ஏறுவார்? இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கவே கூடாதாம்.

பிரகாஷ்: ஓ ஆமாம்

லோகன்: என் மைவி காரில் கூட்டி வருகிறேன் அக்கா. முன் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளிச் சாய்த்துவிடலாம்.

மல்லிகா அத்தை: உன் காரா? எக்ஸ்ரே எடுக்கப் போன அன்று செம்பனை லாரி போய்ப் போய்க் குழியான இடத்தில் அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர்தான்.

தேவி பட்டர்வொர்த்: ஐயோ

லோகன்: மெதுவாகத்தான் ஓட்டினேன் அத்தை

ராஜு சித்தப்பா: எல்லோரும் பசியாறிவிட்டீர்களா? நான் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். லோகன் ஓட்டியதில் தப்பு இல்லை, காரின் காலில் போட்டிருப்பதில்தான் தப்பு. அந்த 1.5 லிட்டர் மைவி கடையிலிருந்து வந்தபோது 15 இஞ்சி (அங்குல) ரிம், 185/55 டயர். இப்போது இருப்பது 16 இஞ்சி, 195/45. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம் என்று சொல்வது. கணக்குப் போட்டால் பழைய டயரில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 102 மில்லிமீட்டர் ரப்பர் இருந்தது. இப்போது 88தான். குழியில் இறங்கும்போது முதலில் மடங்கிக் கொடுப்பது காற்றடைத்த அந்த ரப்பர், அப்புறம்தான் ஸ்பிரிங்கும் அப்சார்பரும். அதை நீ மெலிதாக்கிவிட்டாய், அடி நேராக சீட்டுக்கு வருகிறது. போதாததற்குப் பெரிய ரிம் எடையும் கூட. எடை கூடிய சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங்கால் அதைச் சட்டென்று அடக்க முடியாது.

பிரகாஷ்: 👍

தேவி பட்டர்வொர்த்: பாட்டிக்கு முருங்கைக்கீரை சூப் வைத்துக்கொண்டு வரட்டுமா

மல்லிகா அத்தை: அந்த ரிம் வாங்கிய காசு யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தை மூடியபோது அம்மாவுக்கு வந்த பணம்.

லோகன்: பாட்டியே கொடுத்தார் அத்தை. நான் கேட்கவில்லை.

கவிதா: இப்போது அது வேண்டாமே

ராஜு சித்தப்பா: என் யோசனை 14 இஞ்சிக்கு இறங்குவது. 1.3 மைவிக்குக் கம்பெனியே போட்டுத் தருவது 175/65, 14 இஞ்சி. அதில் ரப்பர் 114 மில்லிமீட்டர். இப்போது இருப்பதைவிட 26 கூடுதல், கட்டை விரல் அகலத்துக்கும் கொஞ்சம் மேலே. மொத்தச் சக்கரத்தின் உயரம் மூன்று அளவிலும் 582லிருந்து 585க்குள்தான், அதனால் மீட்டர் காட்டும் வேகம் மாறாது. 1.5இன் பிரேக்கின் மேல் 14 இஞ்சி ரிம் உட்காருமா என்பதை மட்டும் கடையில் ஒரு ரிம்மை மாட்டிப் பார்த்துவிட வேண்டும், வெறும் வாய்ப்பேச்சை நம்பக் கூடாது. வளைவில் கார் கொஞ்சம் சாயும், ஆனால் பாட்டியை வைத்துக்கொண்டு யார் வளைவில் பறக்கப் போகிறோம்?

லோகன்: 14ஆ சித்தப்பா 😭 பார்க்க நன்றாக இருக்காதே

மல்லிகா அத்தை: பார்க்கவா

பிரகாஷ்: மாமா, என் கூட்டாளியிடம் 195/60, 15 இஞ்சி சும்மா கிடக்கிறது. ரப்பர் இன்னும் தடிமன்தானே, இன்னும் மெத்தென்று இருக்குமே?

ராஜு சித்தப்பா: வேண்டாம். அதன் உயரம் 615 மில்லிமீட்டர், 30 கூடுதல். திருப்பும்போது மட்கார்டில் உரசலாம். மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 105 போய்க்கொண்டிருப்பாய். அதோடு அது எந்த வருடத்து டயர் என்று பார்த்தாயா?

பிரகாஷ்: எங்கே பார்ப்பது

ராஜு சித்தப்பா: பக்கச் சுவரில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசி நான்கு எண். 1417 என்றால் 2017இல் 14ஆவது வாரம்.

பிரகாஷ்: கேட்டேன். 3816

ராஜு சித்தப்பா: 2016. பட்டை தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ரப்பர் மரத்தில் காய்ந்துபோன ஒட்டுப்பால் மாதிரி. பாட்டியிடம் கேள், 27 வருடம் பால் வெட்டியவர், விரலால் நசுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். இறுகின டயர் சத்தமும் போடும், மழையில் வழுக்கவும் வழுக்கும்.

லோகன்: சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் டயர் புதுசுதான், ஒரு வருடம் கூட ஆகவில்லை. ஆனால் 80ஐத் தாண்டினால் பின்னால் ஊம் என்று ஒரே சத்தம்.

ராஜு சித்தப்பா: அதைத்தான் நானே சொல்ல வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் பின் டயரின் பட்டையில் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். முன்னோக்கித் தடவினால் வழவழப்பு, பின்னோக்கித் தடவினால் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடிக்கிறது. டயரை முன்பின் மாற்றிப் போடாமல் ஓட்டினாலோ அலைன்மென்ட் கெட்டிருந்தாலோ அப்படித்தான் தேயும். அந்தப் பல் ஒவ்வொன்றும் தாரில் அடித்துக்கொண்டு போகும், அதுதான் உனக்குக் கேட்கிற ஊம். எதற்கும் வேறொன்றும் பார்த்துவிடு. காலி ரோட்டில் லேசாக இடமும் வலமும் திருப்பு. திருப்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் டயர் இல்லை, பேரிங்.

லோகன்: சரி சித்தப்பா. இன்று ராத்திரி பார்க்கிறேன்.

தேவி பட்டர்வொர்த்: சூப்?

கவிதா: கொண்டு வா தேவி. பாட்டி ஆஸ்பத்திரிச் சோற்றைத் தொடவே இல்லை. எல்லோரும் இதையும் கேளுங்கள், வீட்டில் இருப்பது குந்தும் கழிப்பறை. பாட்டியால் முடியாது. உயரமான நாற்காலிக் கழிப்பறை வேண்டும் என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

மல்லிகா அத்தை: ஈப்போ வீட்டை விற்காமல் இருந்தால் அங்கேயே இருந்திருப்பார். கழிப்பறை, லிப்ட் எல்லாம் இருந்தது.

ராஜு சித்தப்பா: அக்கா, அதை நேரில் பேசுவோம்.

மல்லிகா அத்தை: 12 வருடமாக நேரில்தான் பேசப் போகிறோம்

பிரகாஷ்: அம்மா 🙏

ராஜு சித்தப்பா: லோகா, காற்று எவ்வளவு அடித்திருக்கிறாய்?

லோகன்: தெரியவில்லை. டயர் கடையில்தான் அடித்தார்கள்.

ராஜு சித்தப்பா: நான் பார்த்தபோது 270 கிலோபாஸ்கல் இருந்தது, காலையில், டயர் சூடாகும் முன்னால். ஓட்டுநர் கதவைத் திற, தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பழைய 15 இஞ்சிக்குக் கம்பெனி எவ்வளவு காற்று சொல்கிறது என்று அதில் போட்டிருக்கும். அளவுக்கு மேல் அடித்தால் டயர் மத்தளம் மாதிரி ஆகிவிடும். அதற்காக மெத்தென்று இருக்கட்டும் என்று ஸ்டிக்கருக்குக் கீழே இறக்கிவிடாதே, சூடாகி வெடிக்கும். 45 டயரில் குழியில் அடித்தால் ரிம்மும் வளையும்.

லோகன்: அப்படியானால் பழைய 15க்கே திரும்பிவிடலாமா? ரிம் நம்மிடம் இருக்கிறதே, டயர் மட்டும் வாங்கினால் போதும். 14 வேண்டாம் சித்தப்பா, ப்ளீஸ்.

ராஜு சித்தப்பா: 14தான் நல்லது. சரி, 15 இஞ்சியாவது போடு. 14 மில்லிமீட்டராவது திரும்பக் கிடைக்கும். ஆனால் டயர் வாங்கும்போது அகலமான வெட்டும் முரட்டுப் பட்டையும் இருப்பதை வாங்காதே, சன்னமான வெட்டு இருக்கும் சொகுசு டயராகக் கேள். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் 82 என்ற எண் குறையக் கூடாது. பாட்டி முன் சீட்டில்தான் உட்கார வேண்டும். பின் சீட்டு பின் சக்கரத்தின் மேலேயே இருக்கிறது, குதிப்பது அங்கேதான் அதிகம்.

கவிதா: பழைய ரிம் எங்கே?

லோகன்: அத்தை வீட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். நான்கும் அங்கேதான் வைத்தேன்.

பிரகாஷ்: மூன்றுதான் இருக்கிறது. ஒன்று துளசி மாடத்துக்கு அடியில்

லோகன்: என்னது

மல்லிகா அத்தை: மாடம் ஆடிக்கொண்டே இருந்தது, வைத்தேன். இரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லையே.

ராஜு சித்தப்பா: பரவாயில்லை அக்கா, செங்கல் வைத்துக்கொள்ளலாம். புதன்கிழமை காலை நான் வந்து எடுக்கிறேன். டயருக்கு நானும் லோகனும் பாதிப் பாதி.

மல்லிகா அத்தை: நானும் கொடுப்பேன். என் அம்மாதானே.

கவிதா: சரி. அப்புறம் கழிப்பறை?

தேவி பட்டர்வொர்த்: சூப்பில் மிளகு போடலாமா, மருந்துக்கு ஒத்துக்கொள்ளுமா

மல்லிகா அத்தை: ராஜு, தொட்டிக்குப் பின்னால் இருக்கும் ரிம்மில் ஒன்றில் கோழி அடைகாக்கிறது. முட்டை பொரிய இன்னும் ஒரு வாரம் ஆகும்.

ராஜு சித்தப்பா: எத்தனை முட்டை?

மல்லிகா அத்தை: ஒன்பது

ராஜு சித்தப்பா: ராத்திரியில் மெதுவாகக் கூடைக்கு மாற்றிப் பாருங்கள் அக்கா. கோழி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொல்லுங்கள், ஒரு பழைய ரிம் தேடுகிறேன். நான்கு போல்ட் துளை, துளைகளின் வட்டம் 100 மில்லிமீட்டர், யாரிடமாவது இருக்கும்.

கவிதா: கழிப்பறை யார் பார்ப்பது?