எராஸ்மஸ் முண்டஸா, டி.ஏ.ஏ.டி.யா? கண்மாய் வேலை அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்க வழி சொல்லுங்கள்

கண்மாய்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். 2021இல் பி.இ. சிவில் முடித்தேன். இரண்டு பேப்பரில் அரியர் விழுந்து, அடுத்த செமஸ்டரிலேயே எழுதி முடித்துவிட்டேன். அப்போதிருந்து சிவகங்கைப் பக்கம் கண்மாய்களைச் சீரமைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சைட் இன்ஜினியர். லெவல் எடுப்பது, எஸ்டிமேட் போடுவது, வேலை அளவுகளைப் பதியும் எம்-புக் எழுதுவது, ஊர்க்கூட்டத்தில் போய்ப் பேசுவது எல்லாம் என் பொறுப்புதான்.

வெளிநாட்டில் நீர்வளம் அல்லது வெள்ள மேலாண்மை முதுகலை படிக்க ஆசை. வீட்டில் கடன் வாங்கும் நிலைமை இல்லை, முழு உதவித்தொகை கிடைத்தால்தான் போக முடியும். அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. என்ற இரண்டு உதவித்தொகைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மதுரையில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் மோட்டிவேஷன் லெட்டரையும் அவர்களே எழுதித் தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

நானாக எழுதிப் பார்த்ததில் முதல் வரி இப்படி வந்தது: "நீர் மேலாண்மையில் எனக்குச் சிறு வயது முதலே ஆர்வம் உண்டு." போன ஐப்பசி மழையில் நாங்கள் வேலை பார்த்த கண்மாயில் ஒரு பிரச்சினை நடந்தது. உபரித் தண்ணீர் வழியும் கலுங்கில், கற்களுக்கு நடுவே மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்கினார்கள். நீர்பிடிப்புப் பக்கம் நட்ட நெல் முழுகி, இரண்டு ஊருக்கும் பெரிய சண்டை. இதையெல்லாம் எழுதினால் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியுமோ என்று விட்டுவிட்டேன். அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்களேன்.

எல்பேக்கரை:

தங்கச்சி, கன்சல்டன்சிக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். இந்த உதவித்தொகைகளுக்கு இடைத்தரகர் யாரும் தேவையில்லை.

நான் எராஸ்மஸ் முண்டஸில் வெள்ள அபாய மேலாண்மை படித்தவள். டிரெஸ்டன், டெல்ஃப்ட், பார்சிலோனா, லூப்லியானா நான்கு ஊர்ப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய படிப்பு அது. எராஸ்மஸில் ஒரே மத்திய விண்ணப்பம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு படிப்புக்கும் அதை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தளத்தில் தனியாகப் போட வேண்டும். கெடு பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் வரும், வகுப்பு அடுத்த செப்டம்பர் வாக்கில் தொடங்கும். உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ வீதம் அதிகபட்சம் 24 மாதம் தருவார்கள். பயணம், விசா, வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் அதற்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் தவணை பல இடங்களில் அங்கே போய்ப் பதிவு செய்த பிறகுதான் வரும். விமான டிக்கெட்டுக்கும் அறை முன்பணத்துக்கும் இப்போதிருந்தே கொஞ்சம் சேர்த்து வையுங்கள். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

இனி உங்கள் லெட்டர். அந்த "சிறு வயது முதலே" வரியை எடுத்துவிடுங்கள். டாக்காவிலிருந்து எழுதும் பெண்ணும் அடிஸ் அபாபாவிலிருந்து எழுதும் பையனும் இதே வரியைத்தான் எழுதுவார்கள். விட்டுவிட்டேன் என்கிறீர்களே, அந்தக் கலுங்குச் சண்டை, அதுதான் உங்கள் லெட்டர்! முதல் பத்தியிலேயே அதை வையுங்கள். கலுங்கு மட்டம் என்ன, மூட்டை அடுக்கியதும் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது, எத்தனை ஏக்கர் முழுகியது? லெவல் புத்தகம் உங்கள் கையில்தானே இருக்கிறது, எண்ணோடு எழுதுங்கள். அடுத்து, மூட்டையை எந்த நேரத்தில் எடுப்பது என்று இப்போது யார் முடிவு செய்கிறார்கள்? ஊருக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சி மேகத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்றால் அதை மரியாதையோடு எழுதுங்கள், அது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. ஆனால் மேலே இருக்கும் கண்மாய் எப்போது நிரம்பி மறுகால் பாயும் என்ற கணக்கு அவரிடம் இல்லை, உங்களிடமும் இல்லை. அந்தக் கணக்குக்காகத்தான் படிக்கப் போகிறீர்கள். அதைச் சொல்லித்தரும் பாடங்களை அந்தப் படிப்பின் பாடத்திட்டத்திலேயே தேடி, பெயரோடு குறிப்பிடுங்கள். ஒரு படிப்புக்கு எழுதிய லெட்டரைப் பெயர் மாற்றி இன்னொன்றுக்கு அனுப்பாதீர்கள்.

டிரெஸ்டனில் 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் எல்பே ஆறு 9.40 மீட்டர் வரை ஏறியது. அதைப் பற்றிய வகுப்பில் என்னிடம் 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றிக் கேட்டார்கள். செம்பரம்பாக்கம், அடையாறு என்று நான் சொன்னதை எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அவரவர் ஊர்த் தண்ணீரைத் தெரிந்தவர்கள் அங்கே வந்து உட்கார வேண்டும் என்றுதான் பல நாடுகளிலிருந்தும் ஆளெடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அரியர் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பெரும்பாலும் மொத்த மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். முடிவு வரும்போது காத்திருப்போர் பட்டியல் என்று வந்தாலும் மனம் விட்டுவிடாதீர்கள். தேர்வானவர்கள் சிலர் வேண்டாம் என்று விலகுவார்கள், அந்த இடம் பட்டியலில் இருப்பவருக்கு வரும்.

ஆடுதுறை முருகன்:

எல்பேக்கரை அக்கா சொன்னதோடு டி.ஏ.ஏ.டி. பற்றி நானும் கொஞ்சம். உங்களுக்குப் பொருந்துவது வளரும் நாட்டினருக்கான முதுகலைத் திட்டம். படித்து முடித்த பிறகு குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. உங்களுடையது 2021, அதனால் தள்ளிப்போடாதீர்கள். இங்கேயும் நேராகப் படிப்புக்குத்தான் விண்ணப்பம், கெடு படிப்புக்குப் படிப்பு மாறும். வேலை கொடுத்தவரின் கடிதம் லெட்டர்ஹெட், கையெழுத்து, முத்திரை, சமீபத்திய தேதி நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் இரண்டு திட்டத்துக்கும் ஒரே தேர்வு உதவுகிற மாதிரி தேதி பாருங்கள்.

கண்மாய்க்காரி:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. லெவல் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம். எங்கள் இயக்குநர் நல்ல மனிதர், ஆனால் ரெகமண்டேஷன் லெட்டர் கேட்டால் "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்கிறார். என்ன செய்வது?

எல்பேக்கரை:

நீங்கள் எழுதக்கூடாது. உங்கள் மோட்டிவேஷன் லெட்டரின் நடையும் அவர் லெட்டரின் நடையும் ஒன்றாக இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் இரண்டுமே எடுபடாது. அதற்குப் பதிலாக, நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறிப்பாக எழுதிக்கொண்டு போய் அவரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். அந்தச் சண்டையன்று நீங்கள் இரண்டு ஊர்க்காரர்களையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று அவர் நேரில் பார்த்திருந்தால், அதை அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்று எழுதுவதைவிட அது எத்தனையோ மேல். ஆங்கிலத்தில் தயங்கினால் அலுவலகத்தில் வேறு யாராவது மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும், நீங்கள் வேண்டாம்.

இன்னொன்று, பல படிப்புகளில் லெட்டர் கேட்டு அவருக்கே நேராக லிங்க் போகும். நிறுவனப் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள், சொந்த ஜிமெயில் வேண்டாம். அந்த மெயில் சில சமயம் ஸ்பாமில் போய் விழுந்து கிடக்கும். கெடுவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்ததா, பதிவேற்றினாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் மோட்டிவேஷன் லெட்டரை எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.