கிரியாட்டினின் 1.4, ஆனால் சிறுநீர் நன்றாகப் போகிறது. யாராவது சொல்லுங்கள்

நெய்தல்கரை:
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.4 என்று வந்திருக்கிறது, பக்கத்திலேயே கருப்பாகக் குறி போட்டிருக்கிறார்கள். சிறுநீர் தாராளமாகப் போகிறது, கால் வீக்கமும் இல்லை. சிறுநீர் போனால் கிட்னி வடிகட்டுகிறது என்றுதானே அர்த்தம்? லேபில் தப்பாகப் போட்டிருப்பார்களா? டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். பயமாக இருக்கிறது.

லேப்_மணி:
யாருக்கு? வயது என்ன, ஆணா பெண்ணா? சர்க்கரை, பிரஷர் உண்டா? கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னி அதை வடிகட்டி வெளியேற்றும், வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் ஏறும். தசை ஆளுக்கு ஆள் வேறு, அதனால் கணக்கும் மாறும். 60 வயது ஆணுக்கு 1.4 இருந்தால் இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்ற கணக்கு, 58 வரும். அதே வயதுப் பெண்ணுக்கு 43தான். ரிப்போர்ட்டின் அடியில் அந்த எண் இருக்கிறதா, பாருங்கள்.

கணேஷ்_தென்காசி:
முந்தின நாள் மட்டன் சாப்பிட்டார்களா? அதுவாகத்தான் இருக்கும். வேகவைத்த கறி சாப்பிட்டால் சில மணி நேரத்துக்குக் கிரியாட்டினின் ஏறும். வெறும் வயிற்றில் மறுபடி பாருங்கள்.

மூலிகை_நண்பன்:
சகோ, பயப்படாதீர்கள். காலையில் வாழைத்தண்டு சாறு ஒரு டம்ளர், நாளுக்கு 5 லிட்டர் தண்ணீர். தேங்கிய கழிவெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

உடலியல்_வாத்தியார்:
இதே கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. சரி, அடிப்படையிலிருந்து சொல்கிறேன். நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டும் அலகுகள் சுமார் 10 லட்சம், ஒவ்வொன்றின் தலையிலும் குளோமெருலஸ் என்ற தந்துகி முடிச்சு. ரத்த அழுத்தத்தால் அங்கே நீர், உப்பு, யூரியா, சர்க்கரை எல்லாம் வடிந்து இறங்கும். ரத்த அணுக்களும் அல்புமின் என்ற புரதமும் ரத்தத்திலேயே நின்றுவிடும். நாளுக்குச் சுமார் 180 லிட்டர் இப்படி வடிகிறது. அதில் 178 லிட்டருக்கு மேல் நுண்குழாய்கள் ரத்தத்துக்கே திருப்பிவிடும். நீங்கள் பார்ப்பது மிச்சமுள்ள ஒன்றரை லிட்டர். வடிவது 90 லிட்டராகக் குறைந்தாலும் குழாய்கள் குறைவாகத் திருப்பி எடுக்கும், வெளியே அதே ஒன்றரை லிட்டர் வரும். சிறுநீரின் அளவை வைத்து வடிகட்டலைத் தீர்மானிக்க முடியாது. பள்ளிப் பாடத்தில் இருக்கிற விஷயம்தான் இது.

டயாலிசிஸ்_அக்கா:
வாத்தியார் சொன்னது சரி, ஆனால் பயந்து கேட்கிறவரிடம் இப்படியா பேசுவது? மூலிகை நண்பரே, வாழைத்தண்டு சாற்றில் பொட்டாசியம் உண்டு. வடிகட்டல் குறைந்த உடம்பில் அது தங்கினால் இதயத் துடிப்பையே கெடுக்கும். எண் தெரியாமல் யாருக்கும் சொல்லாதீர்கள்.

மூலிகை_நண்பன்:
என் மாமாவுக்குக் கல் கரைந்து விழுந்ததே! எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறோம்.

லேப்_மணி:
கல் வேறு, கிரியாட்டினின் வேறு. கல்லுக்குத் தண்ணீர் நல்லது, சந்தேகமில்லை. ஆனால் வடிவதற்குக் காரணம் குளோமெருலஸுக்குள் இருக்கும் அழுத்தம். 5 லிட்டர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப் போகும், வடிகட்டி சுத்தமாகாது.

கணேஷ்_தென்காசி:
அப்படியானால் பிரஷர் மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கிறதே. அதை நிறுத்திப் பார்க்கலாம்.

டயாலிசிஸ்_அக்கா:
தம்பி, தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். கட்டுப்படாத பிரஷர்தான் அந்த முடிச்சுகளைத் தழும்பாக்குகிறது. டெல்மிசார்டன் போன்ற மாத்திரை முடிச்சிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். தொடக்கத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினாலும் நாளடைவில் காப்பாற்றும். நான் கேட்க நினைத்தது வேறு. மூட்டுவலி மாத்திரை சாப்பிடுகிறார்களா? டைக்ளோஃபெனாக் வகை, ரத்தம் உள்ளே வரும் குழாயைச் சுருக்கும். டெல்மிசார்டனும் கூட இருந்தால் வாசல் சுருங்கி, வெளிவழி தளர்ந்து, நடுவில் அழுத்தமே இல்லாமல் போகும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வலி மாத்திரையை மட்டும் டாக்டரைப் பார்க்கும்வரை போடாதீர்கள்.

உடலியல்_வாத்தியார்:
இதைத்தான் அடுத்துச் சொல்ல இருந்தேன். கேட்டவரைத்தான் காணோம்.

நெய்தல்கரை:
மன்னிக்கவும், வேலை. அம்மாவுக்குத்தான், வயது 64. இஜிஎஃப்ஆர் 42. டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் தானே வாங்கி டைக்ளோஃபெனாக் தினமும் போட்டிருக்கிறார், எனக்கே இப்போதுதான் தெரியும். டாக்டர் அதை உடனே நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனையும், சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பார்க்கச் சொன்னார். அக்காவுக்கு நன்றி.

லேப்_மணி:
விகிதத்துக்குக் காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொடுங்கள். 30க்குக் கீழே இருந்தால் நல்லது. முந்தின இரவு கறி வேண்டாம், அதில் கணேஷ் சொன்னது சரி.