முன் பிரேக் பேட் எது வாங்கலாம்? அவசரம், சனிக்கிழமைக்குள் மாட்ட வேண்டும்

சிவப்பு ஹேட்ச் | செவ்வாய், இரவு 10.47
எல்லோருக்கும் வணக்கம். காருக்கு முன் பிரேக் பேட் மாற்ற வேண்டும். தினமும் அலுவலகம் போய்வரும் கார்தான், ஆனால் கொஞ்சம் விரட்டியும் ஓட்டுவேன். நன்றாகப் பிடிக்க வேண்டும், சத்தம் வரக் கூடாது, அலாய் சக்கரத்தில் கரி படியக் கூடாது. செராமிக் வாங்கலாமா? சனிக்கிழமை காலை மறுபடி மலைக்குப் போகிறோம். சீக்கிரம் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிக்காரன் | 10.58
என்ன கார்?

இரட்டைக் குழல் | 11.03
என்ன கார், எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? பின்னால் டிஸ்க்கா, டிரம்மா? "மறுபடி" என்கிறீர்களே, போன முறை என்ன ஆயிற்று?

சுழல்விசை (மூத்த உறுப்பினர், 6,214 பதிவுகள்) | 11.20
இந்தக் கேள்விக்கு இங்கே ஐம்பது முறையாவது பதில் சொல்லியாகிவிட்டது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அலங்காரத்துக்கு வைக்கவில்லை. போகட்டும். விரட்டி ஓட்டுகிறவருக்கு ஒரே பதில்தான்: ஃபெரோடோ டிஎஸ்2500. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் நான் அதைத்தான் போட்டு ஓட்டுகிறேன். அதற்குக் கீழே உள்ளவற்றைப் பேட் என்று சொல்லாதீர்கள், அழிரப்பர் என்று சொல்லுங்கள்.

மழைக்கால ஓட்டுநர் | 11.41
ஐயா, அவர் அலுவலகம் போகிறார், பந்தயத்துக்குப் போகவில்லை. பந்தயத்துக்கென்று செய்த பேட் சூடேறிய பிறகுதான் நன்றாகக் கடிக்கும். காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால், "கொஞ்சம் பொறு, பேட் சூடாகட்டும்" என்று சொல்ல முடியுமா?

சுழல்விசை | 11.52
டிஎஸ்2500 முழுப் பந்தயப் பேட் அல்ல. குளிரிலும் பிடிக்கும். சத்தம் வரும், அவ்வளவுதான். படித்துவிட்டு எழுதுவது நல்லது.

மழைக்கால ஓட்டுநர் | 11.55
சத்தம் வரக் கூடாது என்று அவர் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். படித்துவிட்டு எழுதுவது நல்லதுதான்.

உதிரிபாகக் கடை | புதன், காலை 7.15
இருபது வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், பேட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான பேட்களில் ஒரு நீண்ட எண்ணின் கடைசியில் இஇ, எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதற்கு, இரண்டாவது நல்ல சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35 வரை. எஃப் என்றால் 0.35 முதல் 0.45. ஜி என்றால் 0.45 முதல் 0.55. முதல் எழுத்தைவிட இரண்டாவது இறங்கியிருந்தால் சூட்டில் கைவிடும் பேட் என்று அர்த்தம். தினசரி ஓட்டத்துக்கு எஃப்எஃப் தாராளம். செராமிக்கில் கரியும் சத்தமும் குறைவு. செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும், ஆனால் டிஸ்க்கைக் கொஞ்சம் தின்னும். எந்த எழுத்தும் இல்லாத பேட்டை நான் என் காரில் போட மாட்டேன்.

சிவப்பு ஹேட்ச் | காலை 9.30
நன்றி. கார் பெயரைச் சொன்னால் இங்கே கம்பெனிச் சண்டை ஆரம்பித்துவிடும், அதனால் சொல்லவில்லை. 2017 மாடல், 1.2 டர்போ பெட்ரோல், ஏழு கியர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 68,000 கி.மீ. போன மாதம் வால்பாறையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. அதனால்தான் பேட் கேட்டேன். ஃபெரோடோவா, இபிசி ரெட்ஸ்டஃப்பா?

இரட்டைக் குழல் | 9.34
பிரேக் பிடிக்கவில்லை என்பதைப் போகிற போக்கில் சொல்கிறீர்களே! ஒரே ஒரு கேள்வி. பெடல் கல்போல் கெட்டியாக இருந்து கார் நிற்காமல் போனதா, அல்லது பெடலே பஞ்சுபோல் உள்ளே போனதா? இரண்டும் வேறு வேறு நோய்.

வால்பாறை மருமகள் | 9.50
வாரம் ஒரு முறை அந்த 40 கொண்டை ஊசி வளைவிலும் ஏறி இறங்குகிறவள் நான். கியரை எதில் வைத்து இறங்கினீர்கள் தம்பி? டி-யில் போட்டுவிட்டு வழி முழுக்க பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தீர்களா?

சிவப்பு ஹேட்ச் | மதியம் 1.12
ஆமாம் அக்கா, டி-யில்தான். ஆட்டோமேட்டிக் தானே, அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். காரில் நான்கு பேர், டிக்கி நிறையப் பை. ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ வருவதற்குள் கருகல் வாசனை. பெடல் கிட்டத்தட்ட தரை வரை போனது. கை பிரேக்கை இழுத்து ஓரமாக நிறுத்தினோம். முக்கால் மணி நேரம் நின்றோம், பிள்ளைகள் வரையாடு பார்த்தார்கள், அதற்குப் பிறகு பெடல் பழையபடி ஆகிவிட்டது. ஊர் வந்த பிறகு ஒரு தொந்தரவும் இல்லை.

இரட்டைக் குழல் | 1.20
அப்படியானால் முதல் சந்தேகம் பேட் மேல் இல்லை, பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, குமிழை அழுத்தலாம், அதனால்தான் பெடல் உள்ளே போனது. ஆறியதும் குமிழ் மறைந்து பெடல் திரும்பி வந்துவிட்டது. பேட் மட்டும் சூட்டில் வழுக்கியிருந்தால் பெடல் கெட்டியாகவே இருந்திருக்கும். ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

சுழல்விசை | 1.44
முதலில் அது ஆயில் அல்ல. கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். உண்மையான எண்ணெயை அதில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். சொல்லைச் சரியாகப் பயன்படுத்தாதவர்கள்தான் பொருளையும் மாற்றி ஊற்றுகிறார்கள்.

உதிரிபாகக் கடை | 1.58
கடைக்கு வருகிற அத்தனை பேரும் பிரேக் ஆயில் என்றுதான் கேட்கிறார்கள், நானும் சரியான டப்பாவைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், விஷயம் அதில்தான் இருக்கிறது. டாட் 4 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 5.1-க்கு 260, 180. ஆனால் டாட் 5 என்று வெறுமனே போட்டிருப்பது சிலிக்கான், அதை இதோடு கலக்கவே கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் பேட்தான் வேண்டும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் | மாலை 4.05
ஒரு சின்னக் கணக்கு. ஆட்களும் பைகளும் சேர்த்து 1,400 கிலோ. செங்குத்தாக 800 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 1,400 × 9.8 × 800 என்றால் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஜூல், அதாவது மூன்று யூனிட் மின்சாரம். 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்குபோட வேண்டும். நீங்கள் எஞ்சினுக்குப் பங்கே தரவில்லை.

வால்பாறை மருமகள் | 4.30
ஐயா கணக்காகச் சொன்னதை என் மாமனார் ஒரே வரியில் சொல்வார்: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு. தம்பி, லிவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டில் வையுங்கள். எஞ்சின் சத்தம் போட்டால் பயப்படாதீர்கள். பிரேக்கைத் தடவிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விட்டுவிடுங்கள். ஒன்பது வருடமாகச் சாதாரணப் பேட்தான் போடுகிறேன்.

சிக்கனச் சிகாமணி | இரவு 8.10
இரண்டில் இறக்கினால் பெட்ரோலும் போகும், கிளட்சும் போகும். என் அப்பா நியூட்ரலில் போட்டு ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை அம்பாசிடரை இறக்குவார். செலவே கிடையாது.

மழைக்கால ஓட்டுநர் | 8.19
இதைப் படித்துவிட்டு யாரும் செய்து பார்த்துவிடாதீர்கள்.

இரட்டைக் குழல் | 8.26
இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சினில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடித்தாக வேண்டும். ஆக, கியரில் இறங்குவதுதான் சிக்கனம்.

சிக்கனச் சிகாமணி | 8.40
அப்பா முப்பது வருடம் ஓட்டினார், ஒரு கீறல் இல்லை.

சுழல்விசை | 8.43
அது கார்புரேட்டர் காலம். உங்கள் அப்பாவுக்கு இருந்தது திறமையல்ல, அதிர்ஷ்டம்.

சிக்கனச் சிகாமணி | 8.47
அப்பாவைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன உரிமை? டிராக்கில் நாலு சுற்று சுற்றியவர்களெல்லாம் மலை ஓட்டுநர் ஆகிவிட முடியாது.

மட்டுறுத்துநர் | 9.30
நியூட்ரல் விவாதத்தின் கடைசி பதினோரு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெற்றோரை விட்டுவிடுங்கள். இழை பிரேக் பேட் பற்றியது.

இரட்டைக் குழல் | வியாழன், காலை 8.02
சிவப்பு ஹேட்ச், ஆயில் எப்போது மாற்றியது என்று இன்னும் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றும்போது காலிப்பரின், அதாவது பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வியின், வழுக்கும் பின்கள் கையால் தள்ளினால் நகர்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இறுகியிருந்தால் உள்பேட்டும் வெளிப்பேட்டும் வேறு வேறு கனத்தில் தேய்ந்திருக்கும், அந்தச் சக்கரம் ஓயாமல் சூடாகும். டிஸ்க்கின் கனத்தையும் அளக்க வேண்டும், குறைந்தபட்சக் கனம் அதிலேயே பொறித்திருக்கும். ஆயில் கசிவுகூட இல்லை என்று உறுதியாகும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள்.

உதிரிபாகக் கடை | 8.20
புதுப் பேட் மாட்டினால் அதே நாளில் மலை ஏறாதீர்கள். ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை நிதானமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். பிறகு பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு பெடலை மிதித்தபடி சிக்னலில் நின்றால் பேட்டின் தடம் டிஸ்க்கில் ஒட்டி, பிறகு ஸ்டியரிங் உதறும்.

சிவப்பு ஹேட்ச் | வெள்ளி, இரவு 11.36
எல்லோருக்கும் நன்றி. ஆயில் காபி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. கார் வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை போலிருக்கிறது, இரண்டாவது கை வண்டி. இடது பக்கக் காலிப்பரின் பின் ஒன்று இறுகியிருந்தது, அந்தப் பக்க உள்பேட் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டு, ஆயில் முழுதும் மாற்றி, இங்குள்ள கடைக்காரர் ஒருவர் கொடுத்த பேட்டையே மாட்டிவிட்டார் மெக்கானிக். காலையில் ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம்.

உதிரிபாகக் கடை | 11.41
பேட் முதுகில் என்ன எழுத்து?

இரட்டைக் குழல் | 11.44
டிஸ்க்கை அளந்தார்களா? தகடு தெரியும்வரை தேய்ந்திருந்தால் டிஸ்க்கில் கோடு விழுந்திருக்குமே. கடைக்காரர் இங்கே சொன்னபடி 60-லிருந்து 10 வரை குறைத்துப் பேட்டைப் பதப்படுத்தினீர்களா?

வால்பாறை மருமகள் | சனி, காலை 6.10
அட்டகட்டியில் காலையிலிருந்து மூடுபனி. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாருங்கள் தம்பி. இறங்கும்போது இரண்டு.

உதிரிபாகக் கடை | செவ்வாய், காலை 7.20
தம்பி, அந்த இரண்டு எழுத்து?